அத்தை ராட்டினம் ஏறிய கதை

ராட்டினம் ஓட்டுகிறவர்களின் தலையெழுத்து, ஊர் மொத்தமும் மேலே போய் வரும், அவர்கள் மட்டும் கீழேயே நிற்பார்கள். மற்றவர்கள் குடும்பத்தோடு சிரிக்க வரும் இடத்தில் நின்றுகொண்டே சம்பளம் வாங்குகிற அன்பர்களே, தியேட்டரில் டார்ச் அடிக்கிறவர்களே, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

நான் கோமதி. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தவள். ஐடிஐயில் எலக்ட்ரிகல் படித்தவள். சென்னையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், கண்ணாடிக் கூண்டு வைத்த மிகப் பெரிய ராட்டினம் ஒன்று இருக்கிறது. உச்சிக்குப் போனால் பட்டணம் முழுக்கத் தெரியும். அதை இயக்குவது என் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்பி வருவேன்.

சாம்பாரில் விழுந்த குண்டு

அத்தை தறியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். எழுந்ததும், அதுவரை சேர்த்து வைத்ததை எல்லாம் பேசுவார். ஒரு நாள் சாப்பிடும்போது, காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டதாக அறிவித்தார். "மருமவ ராட்டினம் சுத்தறான்னு சொன்னா, திருவிழாவுல சுத்தற ராட்டினம்னுதான் தெருவுல நெனைக்கிறாங்க. எனக்கு மானம் போவுது" என்றார். என் வீட்டுக்காரர் சங்கர், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல், சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வேலை உயிர். ஆனால் அத்தையிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது. அதனால், "ஒரே ஒரு தடவை வந்து ஏறிப் பாருங்க அத்தை. அதுக்கப்புறமும் வேணாம்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டேன். அத்தை மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "வரேன். ஆனா பேச்சு மாறக் கூடாது. பொங்கல் முடிஞ்சதும் கடைக்குப் போற."

பிரியாத குடும்பம்

எங்கள் கூண்டில் ஆறு பேர்தான் உட்காரலாம். முசரவாக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் சேர்ந்து வந்தது. எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றச் சொன்னார் தம்பி. "நாங்க பிரிஞ்சி பழக்கம் இல்லம்மா" என்றார். கெஞ்சிக் கூத்தாடி அடுத்தடுத்த கூண்டுகளில் ஏற்றிவிட்டேன்.

கூண்டுக்குள் இருக்கும் கேமராவில் பார்த்தால், இரண்டு குடும்பமும் வீடியோ காலில் இருக்கிறது! அண்ணன் இங்கிருந்து கடலைக் காட்டுகிறார், தம்பி அங்கிருந்து அதே கடலைக் காட்டுகிறார். யாரும் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கவே இல்லை. இறங்கும்போது தம்பி குறைபட்டுக்கொண்டார்: "மேல எல்லாம் தெரிஞ்சிதும்மா. எங்க அண்ணன் குடும்பந்தான் சரியாத் தெரியல. டவர் இல்ல."

கண்ணை மூடிய வீரர்

முறுக்கு மீசை வைத்த ஒருவர், பயந்துகொண்டிருந்த மனைவியை வரிசையில் நின்ற நேரம் முழுக்கக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். ராட்டினம் கிளம்பியதும் மனைவி எழுந்து நின்று ஊரை வேடிக்கை பார்த்தார். மீசைக்காரர் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியவர், தரைக்கு வரும்வரை திறக்கவில்லை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அத்தை சிரிக்கவே இல்லை. மறுநாள் பார்த்தால் எதிர்வீட்டு அம்மாவிடம் அவரே நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், மீசையை முறுக்குவது உட்பட! எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மீசைக்காரர் இறங்கியதும் என்னிடம் சொன்னது இதுதான்: "சூப்பரா இருந்துச்சிம்மா. அடுத்த தடவ வந்து கண்ணத் தொறந்து பாக்கறேன்."

முதுகுப் பக்கச் சாப்பாடு

எங்கள் சூப்பர்வைசர் டேவிட் சார். பெண்கள் டிக்கெட் கிழிக்கத்தான் லாயக்கு என்பது அவருடைய கொள்கை. ராட்டினத்தை ஓட்டும் லிவரை என் கையில் கொடுத்த நாளிலிருந்து பின்னாலேயே நின்று மூச்சு விடுவார். அவர் கண்ணில் படாமல் சாப்பிடுவதற்காகவே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ராட்டினத்தின் பின்பக்கம் போய்விடுவேன். அங்கே மோட்டார் ரூமின் நிழல் இருக்கும். எல்லோரும் ராட்டினத்தை முன்னால் நின்று பார்த்திருப்பார்கள். அதன் முதுகை அதிகம் பார்த்தவள் நான்தான்.

ஒரு நாள் அங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். தயிர்சாதமும் கையுமாக நான் அண்ணாந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: "நிம்மதியா சாப்பிடும்மா. அது எங்கயும் ஓடிடாது."

அத்தை வந்தார்

வந்தது நல்ல விடுமுறை நாள், கூட்டமான கூட்டம். தானே நெய்த அரக்குப் புடவையில் அத்தை முன்னால் வர, பின்னால் சங்கரும் எங்கள் மகள் யாழினியும் வந்தார்கள். ஏறும் மேடைக்கு வந்ததும் அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு காலைக் கூண்டில் வைக்கப் போனவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். "இன்னாடீ இது, எடப்பக்கமா சுத்துது?" என்றார். காற்றிலேயே ஆரத்தி சுற்றிக் காட்டினார். "இப்பிடி இல்ல சுத்தணும்? இது ஏறுமாறா சுத்துது. இதுல கொழந்தைய வேற ஏத்தறியா?"

அவருக்குப் பின்னால் திருமுக்கூடலிலிருந்து வேனில் வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கையாகக் காற்றில் ஆரத்தி சுற்றியது. பிறகு மொத்த வரிசையும் ஓர் அடி பின்னால் போய்விட்டது.

டேவிட் சார் ஓடி வந்தார். "யாரும்மா இவங்க?" என்றார். "என் அத்தை சார்" என்றேன். அவர் முகம் போன போக்கை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். "லைன் நகரலன்னா நாளையிலிருந்து நீ டிக்கெட் கவுண்டர்" என்று பல்லைக் கடித்தார். ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் டேவிட் சார், இரண்டு பக்கமும் என் லிவர் கையை விட்டுப் போகிறது. அத்தைக்கோ இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை: "லிவரு ஒங்கையிலதான இருக்குது? திருப்பி வுடு!"

வலமா, இடமா?

அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்போதுதான், தயிர்சாதத்தோடு நான் தினமும் பார்க்கும் ராட்டினம் நினைவுக்கு வந்தது. "சார், லிவரைக் கொஞ்சம் பிடிங்க. நான் சொன்னதும் மெதுவா ஓட்டுங்க" என்றேன். நான் அதட்டிய அதட்டலில் அவரும் பிடித்துக்கொண்டார். அத்தையின் கையைப் பிடித்து, வெளியேறும் வழியாகப் பின்பக்கம் அழைத்துப் போனேன். "ஓட்டுங்க சார்!" என்று கத்தினேன். ராட்டினம், அத்தை சுற்றிக் காட்டிய ஆரத்தி மாதிரியே, அழகாக வலப்பக்கமாகச் சுற்றியது.

அத்தை லேசில் நம்புகிறவர் இல்லை. "நீ கத்துனதும் அந்தாளு மாத்தி ஓட்டறாரு" என்றார். முன்பக்கம் காவலுக்குத் தன் மகனை நிறுத்தினார். ராட்டினம் சுற்றியது. முன்னாலிருந்து சங்கர், "எடமா போவுதும்மா!" என்று கத்தினார். பின்னாலிருந்து அத்தை, "வலமா போவுதுடா!" என்று கத்தினார். "எடந்தாம்மா!" "வலந்தான்டா, கண்ணத் தொறந்து பாரு!" திருமுக்கூடல் பெண்கள் முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் இடுப்பில் கைவைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "அப்ப இதான் வாசலு. கட்டனவங்க தெரியாம அந்தப் பக்கம் வெச்சிட்டாங்க."

ஒரு சுற்று கணக்கில் வராது

எங்கள் கூண்டுகளுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு, முன்னால் ஏறிப் பின்னால் இறங்குவது வழக்கம். அன்றைக்குப் பின்னால் ஏறினார்கள். அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் டேவிட் சார்! நான் லிவருக்குத் திரும்பி வந்து மைக்கில், "எல்லாரும் உட்காருங்க. கதவுகிட்ட நிக்காதீங்க" என்றேன். கேமராவில் பார்த்தேன். அத்தை உட்கார்ந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உட்காரச் சொல்லி அத்தை உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உச்சியில் யாழினி கைநீட்டிக் காட்டியதை எல்லாம் அத்தை கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஒரு சுற்று முடிந்து கதவு திறந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. "எந்தக் கோயில்ல ஒரு சுத்து சுத்தறாங்க? மூணு சுத்தணும்" என்றார். அடுத்த கூண்டிலிருந்து திருமுக்கூடலும் ஆமோதித்தது. நான் டேவிட் சாரைப் பார்த்தேன். அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "நீயே முடிவு பண்ணும்மா. இனிமே லிவரு பக்கம் நான் வரல."

பஸ்ஸில் ஒரு போன்

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை மடியில் இருந்த செல்லையே பார்த்துக்கொண்டு வந்தார். புடவைக் கடைதான் கதி என்றே நினைத்தேன். பேச்சு மாறக் கூடாது என்று சொன்னவராயிற்றே. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் யாழினியிடம் செல்லைக் கொடுத்து, புடவைக் கடை முதலாளிக்குப் போடச் சொன்னார். பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினார். பக்கத்தில் சங்கர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டேன், அவர் தள்ளிவிடவில்லை.

"மொதலாளி, எங்க மருமவ கடைக்கு வரமாட்டா. அவ சொல்லாம அங்க ஒருத்தரும் ஏற முடியாது, எறங்கவும் முடியாது. ஒங்களுக்கு ஆளு வேணும்னா எம் புள்ளைய அனுப்பறேன், ஒக்கார வெச்ச எடத்துலயே ஒக்காந்திருப்பான்."

ஆகவே, கீழேயே நிற்கும் அன்பர்களே, ஊரை ஏற்றி இறக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, உங்கள் அத்தையை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு எந்த சூப்பர்வைசரும் உங்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியமாட்டார்.