கபரகொயாவுக்குப் பிறகு செய்த பூசை

என் ஸ்கூட்டரை விற்கும் கதை ஒரு கபரகொயாவால்தான் வந்தது. வெள்ளவத்தைக் கால்வாயில் கிடக்கும் பெரிய உடும்பு அது. ஒரு காலை வேலைக்குப் போகும்போது, பாலத்தடியில் நடு ரோட்டில் வந்து நின்றது. நான் பதறிக் கைபிடியை ஒரு பக்கம் வெட்டினேன். விழுந்தேன். முழங்கைத் தோல் போனது. அது நாக்கை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு ஆற அமர ஊர்ந்து போனது. அதற்கு ஒரு கீறலும் இல்லை.

என் கணவருக்கு அது போதும்.

“உமக்கு உது சரிவராது. விப்பம்.”

“நீங்களும் போன வருசம் நாய்க்கு வெட்டி விழுந்தனீங்கள்தானே?”

“அது நாயின்ர பிழை.”

ஆண் விழுந்தால் நாயின் பிழை. பெண் விழுந்தால் பெண்ணின் பிழை. அன்று எனக்கு வந்த வார்த்தைகளை எழுதினால் யாரும் அச்சிட மாட்டார்கள். ஸ்கூட்டர் போனால் என் வேலையும் போகும். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். காலி வீதியில் பஸ்ஸில் நசுங்கி, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தால் கடை முதலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசியில் என் கணவர் ஒரு நிபந்தனை வைத்தார். கோயிலில் ஸ்கூட்டருக்குப் பூசை செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஒருதரம் விழுந்தால் விற்க வேண்டும். ஓம் என்றேன். பூசையை நம்பி அல்ல. வேலை முடிந்து வந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பிரேக் பிடித்துப் பிடித்துப் பழகினேன். வெட்டக்கூடாது. இரண்டு பிரேக்கும் ஒன்றாக. கைபிடி நேராக. அவ்வளவுதான் வித்தை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போனோம். ஒரு தேங்காய் போதும் என்று ஐயர் சொன்னார். இவர் கேட்டால்தானே! பை நிறையக் கொண்டுவந்ததை எல்லாம் வாசல் ரோட்டில் அடித்து உடைத்தார். ஐயர் லைட்டில் சந்தனம் பூசி, இரண்டு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்தை நசுக்கிய பிறகு நிற்காமல் போக வேண்டும், அது வழக்கம். என்னைச் சோதிக்க இவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

பழம் நசுங்கியது. புறப்பட்டேன். தேங்காய் மணம் பிடித்துக் கோயில் மாடுகள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. ஒரு கன்று தாயை முந்திக்கொண்டு, சிதறிய தேங்காய்க்குக் குறுக்கே பாய்ந்தது.

“நிப்பாட்டாதையும்! நிப்பாட்டினால் தோஷம்!”

கன்றின் மேல் ஏற்றினால் தோஷமில்லையாக்கும்! இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஸ்கூட்டர் கொஞ்சம் இழுபட்டு நேராக நின்றது. முன் சில்லுக்கும் கன்றின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இருவரும் உயிரோடு இருந்தோம்.

ஆனால் பின்னால் ஆளைக் காணவில்லை. பயத்தில் குதித்தவர், தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி, வெள்ளை வேட்டியோடு நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப ஆர் விழுந்தது?” என்று கேட்டேன்.

“நான் விழேல்லை. குதிச்சனான்.”

பூ விற்கும் அம்மா கூடைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “குதிச்சவங்க நின்னுக்கிட்டில்ல இருப்பாங்க, ஐயா!”

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும்தான். கன்று மட்டும் என் கணவரின் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துண்டைத் தின்றுகொண்டிருந்தது.

“ஏறுங்கோ,” என்றேன். ஏறினார்.

வெள்ளவத்தைப் பாலத்தடியில் வந்தபோது அவர் என் தோளைத் தொட்டு, மெல்லிய குரலில், “அந்தா, கபரகொயா,” என்றார்.

“கண்டனான்.”

கன்றுக்கு நின்ற மாதிரியே அதற்கும் நேராக நின்றேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். கபரகொயாவின் வால் நுனி ரோட்டைக் கடந்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஸ்கூட்டர் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. விற்கிற கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கட்டும்.