நீலத்தண்ணீர் கெசியாள்

மேலப்பாளையத்துப் பெண்கள் கெசியாளுக்கு வைத்த பெயர் நீலத்தண்ணி அம்மா. அதில் கேலி பாதி, மரியாதை பாதி. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவதற்குப் பாளையங்கோட்டை மிஷன் வைத்திருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. உபதேசியாராக இருந்த கணவர் காய்ச்சலில் போனபின், மகள் கிரேஸை வைத்துக்கொண்டு அந்த வேலையில்தான் காலம் தள்ளினாள். குரல் வெண்கலம். அடுத்த வீட்டு அடுக்களையில் போய் நின்று, இதைத் தின்னாதே, அதைத் தொடாதே என்று சொல்வதற்கென்றே ஆண்டவர் கொடுத்த குரல் என்பாள் கிரேஸ்.

வியாதி வந்தது 1909-இல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கொல்லையில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு சாரை பிடித்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் அவளுடைய நீரில் சில சொட்டு எடுத்து, ஒரு கண்ணாடிக் குழலில் இருந்த நீல மருந்தில் விட்டு, விளக்கில் காட்டினாள். நீலம் போய்ச் செங்கல் பொடிபோலச் சிவப்பு அடியில் இறங்கியது. நீரில் சர்க்கரை ஏற ஏற நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் இப்படிச் சிவப்பாகும்.

"நீரிழிவு. இதற்கு மருந்து கிடையாது. வாயைக் கட்டினால் வருஷக் கணக்கு, கட்டாவிட்டால் மாசக் கணக்கு" என்றாள் டாக்டரம்மாள். சோறு கூடாது. கருப்பட்டியும் சீனியும் பழமும் கூடவே கூடாது. அளந்து கொஞ்சம் கேப்பை, கீரை, மோர், முட்டை. தினமும் இரண்டு மைல் நடை.

கெசியாள் வாயைக் கட்டினாள். அதில் பொய்யில்லை. எண்ணி எட்டாவது வாரம், காய்ச்சிய பிறகும் குழலில் நீலம் நீலமாகவே நின்றது. டாக்டரம்மாள் பூரித்துப்போய் ஒரு தகரப் பெட்டியில் விளக்கையும் குழல்களையும் நீல மருந்துப் புட்டியையும் வைத்துக் கொடுத்தாள். மேலப்பாளையத்துப் பெண்கள் கோஷா, வெளி ஆண்கள் கண்ணில் படாதவர்கள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், நீயே அங்கே போ என்றாள்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் ஆரம்பித்தன. ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம், ஜவுளி வியாபாரி அசன் மைதீன் வீட்டு உள்முற்றத்தில் பெண்கள் கூடுவார்கள். அவர் மனைவி மஹ்மூதா பீவிக்கும் நீரிழிவு. பக்கத்து வீட்டு ஜமீலா பீவிக்கும், பாத்துவுக்கும், இன்னும் இருவருக்கும் அதே. பின்சந்து வழியாக, முந்தானைக்குள் ஆளுக்கொரு புட்டியை மறைத்துக்கொண்டு வருவார்கள்.

கெசியாள் அதற்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். முதலில் தன்னுடைய நீர். பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த புட்டியைத் திறந்து, காய்ச்சி, நீலத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவாள். "பாத்தீகளா? என்னால முடிஞ்சா ஒங்களாலயும் முடியும்." அப்புறம் ஒவ்வொருத்தியாக விசாரணை. "இந்த வாரம் என்ன தின்னீக? சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்!" ஜமீலா ஒருமுறை பேரனுக்குச் சுன்னத்துச் செய்த கத்னா விருந்தில் ஒரு கரண்டி நெய்ச்சோறு தின்றதைச் சொல்லும்படி ஆகி, அங்கேயே அழுதுவிட்டாள். அன்று வீடு திரும்புகையில் கெசியாளுக்குத் தன்னைப்பற்றி உயர்வாகத்தான் இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1911 கிறிஸ்மஸுக்கு அவள் முந்திரிக்கொத்து செய்தாள். வறுத்த பயறு, கருப்பட்டிப் பாகு, தேங்காய். கிரேஸுக்காகத்தான் செய்தாள். உருண்டை பிடிக்கும்போது விரலை நக்கினாள். பிறகு ஒன்று. ஒன்று தின்றவளுக்கு நான்கு என்ன, ஐந்து என்ன? இரண்டரை வருஷம் கட்டிய வாய் நான்கு நாளில் அவிழ்ந்தது. அதன்பின் மத்தியானச் சோறும் பைய உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்தாள். செங்கல் பொடி. அதை முற்றத்தில் போய்த் தூக்கிக் காட்டுவதா? ஜமீலாவை அழவைத்த முற்றத்தில்?  கடைசியில் கிரேஸைக் கூப்பிட்டு, "டாக்டரம்மா நல்ல ஒடம்புக்காரவுக நீரு கேக்காவ, ஒத்துப் பாக்கணுமாம்" என்று ஒரு பொய் சொல்லி, மகளுடையதைப் புட்டியில் வாங்கிக்கொண்டு போனாள். குழல் நீலமாக நின்றது. பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

ஒரு வாரம் என்று நினைத்தாள். மூன்று மாசம் ஆயிற்று. லெந்து என்கிற தவக்காலம் வந்து, கோயிலில் உபவாசத்தைப்பற்றிப் பிரசங்கம் நடந்தபோதும் மகளுடைய புட்டிதான் முற்றத்துக்குப் போயிற்று.

கெசியாளின் வெட்கம் அவளோடு நின்றிருந்தால் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மஹ்மூதா பீவி ஒருத்தி இருந்தாளே. மற்றவர்கள் கொஞ்சம் கட்டி, கொஞ்சம் அவிழ்த்து, சிவப்பும் பச்சையுமாகக் காலம் கழித்தார்கள். மஹ்மூதா அப்படியில்லை. நிய்யத்து என்று மனசில் உறுதி வைத்தால் வைத்ததுதான். கெசியாள் சொன்னது ஒன்றுவிடாமல் செய்தாள். ஆனாலும் அவளுடைய குழல் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. சில உடம்பு அப்படி. டாக்டரம்மாளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கெசியாள் கேட்கவில்லை. கேட்டால் தன்னுடையதையும் காய்ச்சிக் காட்டச் சொல்வாளோ என்று பயம்.

"ஒங்களுக்கு மட்டும் எப்படிக்கா நீலமா நிக்கி? நான் என்ன தப்பு செய்யுதேன்?" என்று மஹ்மூதா கேட்பாள்.

"இன்னுங் கொஞ்சம் வாயைக் கட்டணும் பீவி" என்பாள் கெசியாள்.

மஹ்மூதா கேப்பையைப் பாதியாக்கினாள். பிறகு விட்டேவிட்டாள். மோரும் கீரையுமே சாப்பாடு என்று ஆனது. மணிக்கட்டில் இருந்த பொன்வளையல் கையைத் தூக்கினால் முழங்கைவரை போய் நின்றது. கெசியாள் அதை ஒவ்வொரு வாரமும் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றாள்.  

பங்குனி மாதம் கிரேஸுக்கு ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அவள் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில்தான் கெசியாளுக்கு உறைத்தது, புட்டிக்கு என்ன செய்வது என்று. யோசித்தாள். கிணற்றுத் தண்ணீரை எடுத்து, நிறத்துக்கு மஞ்சள்பொடியைக் கரைத்து, துணியில் வடிகட்டினாள். பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது.

அவள் வீடு மூன்று தலைமுறையாக வேதக்கார வீடு. ஆரத்தி எடுப்பது அஞ்ஞானிகள் வழக்கம் என்று தாத்தா காலத்திலேயே விட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். கெசியாள் அதைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நீல மருந்திலோ சுண்ணாம்புக்கு அண்ணன் மாதிரி ஒரு காரம் இருந்தது.

முற்றத்தில் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்தார்கள். கெசியாள் குழலில் நீல மருந்தை ஊற்றி, தன் புட்டியிலிருந்து தாராளமாக விட்டாள். நீலம் கலங்கிற்று. கலங்கிப் பழுப்பாகி, விட்ட இடத்தில் சிவந்தது.

"யக்கோவ், இன்னும் வெளக்கே பொருத்தலியே! அதுக்குள்ள செவந்துட்டே" என்றாள் ஜமீலா.

மஹ்மூதா பீவி கையை நீட்டிக் குழலை வாங்கவில்லை, புட்டியை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கெசியாளுக்கு அந்த முற்றத்துத் தளவரிசைக் கல் பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

"மஞ்சள். எத்தன மாப்பிள்ளைக்கு நான் ஆலாத்தி கரைச்சிருப்பேன், எனக்குத் தெரியாதா? இது நீருமில்ல ஒண்ணுமில்ல" என்றாள் மஹ்மூதா. பிறகு மெதுவாகக் கேட்டாள். "எத்தன நாளாக்கா?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

"அப்ப நீலமா நின்னதெல்லாம் யாரோடது?"

"மவளோடது."

 பாத்து தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மூணு மாசம்" என்றாள் மஹ்மூதா. "இவ்வளவு கட்டியும் எறங்கலியே, தூக்கத்துல எந்திரிச்சு எதையாச்சும் தின்னுருதேனோன்னு எனக்கே எம்மேல சந்தேகம். அடுக்களையப் பூட்டிச் சாவிய மருமவக்கிட்ட குடுத்துட்டுப் படுத்தேங்கா. என் வீட்டுல நானே களவாணி மாதிரி."

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் கெசியாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆண்டவர் முன் வெட்கப்படுவது அவளுக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறவள்தானே. இந்த வளையல் கைக்கு முன்னால் சொல்ல ஜெபப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. "என்ன மன்னிச்சிருங்க" என்று வந்த வார்த்தை அவளுக்கே அற்பமாகக் கேட்டது.

"ஆம்பளைய வார நேரமாச்சு. போய்ட்டு வாங்க" என்றாள் மஹ்மூதா.

அந்த ஒரு வாரமும் கெசியாள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒழுங்காகத் தின்னாமல் இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. வெட்கம் வயிற்றை அடைக்கும் என்பதெல்லாம் சும்மா. வியாழக்கிழமை டாக்டரம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மாள் திட்டிவிட்டு, அந்தப் பீவியை முதலில் சாப்பிடச் சொல், பட்டினி கிடந்தால் வியாதிக்கு முன்னால் பசியே கொன்றுவிடும் என்றாள். இந்தச் செய்தியையும் தகரப் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம், வேறு யாராவது போகட்டும் என்று தீர்மானித்துக் கெசியாள் வெள்ளிக்கிழமை மேலப்பாளையம் போனாள்.

முற்றத்தில் பாய் விரித்திருந்தது. ஐந்து பேரும் வந்திருந்தார்கள். அவள் உட்காருகிற இடத்தில் ஒரு புது மண்கலயம் இருந்தது. கெசியாள் பெட்டியைக் கீழே வைத்து, டாக்டரம்மாள் சொன்னதைச் சொன்னாள். மஹ்மூதா கேட்டுக்கொண்டாள். பிறகு கலயத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கொல்லைக்குப் போய்ட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

கொல்லைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தபோது, அந்தப் பக்கம் பெண்கள் காத்திருக்கிற சத்தம் கேட்டது. கெசியாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பி வந்ததும் மஹ்மூதாவே குழலைப் பிடித்து, மருந்தில் சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினாள். செங்கல் பொடி இறங்கியது. அவர்கள் யாருடையதிலும் அத்தனை இறங்கியதில்லை. மஹ்மூதா அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். அடுத்துத் தன்னுடையதைக் காய்ச்சினாள். மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் கேப்பைக் களி கொண்டுவரச் சொன்னாள். வந்த உருண்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் முன்னாலும் மறுபாதியைக் கெசியாள் முன்னாலும் வைத்தாள். வளையல் முழங்கைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இந்த வாரம் என்ன தின்னீகக்கா?"

கெசியாள் குனிந்துகொண்டு சொன்னாள். "சோறு."

"எவ்வளவு?"

"தெனமும் ரெண்டு அகப்பை."

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் மஹ்மூதா பீவி. "ஜமீலாவுக்குக் கேக்கல."