செம்புக் கிண்ணமும் என் முட்டியும்

கடலூர் ஓ.டி.யில், அதாவது கடலோரப் பழைய டவுனில், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனிடம் போய், 'இது துருப்பிடிக்காது' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பான். துருப்பிடிக்காத தாழ்ப்பாள், துருப்பிடிக்காத கீல் என்று நானே கூசாமல் விற்றிருக்கிறேன். உப்புக் காற்றில் சிவப்பேறி அவை கடைக்கே திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் "இதுல கிருமி வளராது சார்" என்று செயற்கைக் காலுக்குக் கிண்ணம் செய்கிற ஒரு பெண் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்க்கரை நோயில் என் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. மாட்டிக்கொண்டிருந்தது செயற்கைக் கால். மிச்சக் கால் அதன் கிண்ணத்துக்குள் உட்காரும் இடத்தில் வேர்த்து, உரசி, அடிக்கடி புண்ணாகும். "இன்னொரு தடவ சீழ் வச்சா முட்டிக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி இருக்கிறவரைதான் நான் படி ஏறி கடைக்குப் போகிறவன். அது போனால் வீட்டு மூலைதான். பயந்துபோனேன். பயத்தை வெளியே காட்டாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த டாக்டர்தான் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு அனுப்பினார். இன்ஜினியரிங் படித்து முடித்த அந்தப் பெண், கூடப் படித்த பையனோடு சேர்ந்து அங்கே 3டி பிரிண்டர் மெஷின் வைத்திருந்தாள். செம்புத் தூள் கலந்த பிளாஸ்டிக் நூலை உருக்கி, வரிவரியாக ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, என் காலின் அளவுக்கே ஒரு உள்கிண்ணம் அச்சடித்தார்கள். வெல்ல நிறத்தில் இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு விடுவதற்கு இருந்ததே ஒரு கால்தான்.

சரக்கைச் சோதிக்க எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரும்புத் தூளைப் போட்டு ஏமாற்றவில்லை, செம்புதான் என்று திருப்திப்பட்டேன். வெறும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் காந்தம் ஒட்டியிருக்காது என்பது ஊர் திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் உறைத்தது.

"தெனமும் ஈரத்துணியால உள்ள தொடைக்கணும் சார். எண்ணெ, பவுடர் எதுவும் பூசக்கூடாது" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். நாளைக்கு ஏதாவது ஆனால் பழியை நம் தலையில் கட்ட இப்போதே வழி பண்ணுகிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் அவள். "பாவம், சின்னப் பொண்ணுதாங்க" என்றாள். எனக்குக் குனிய வராது என்பதால் கிண்ணத்தைத் துடைப்பது, மாட்டிவிடுவது, ராத்திரி கழற்றிக் காலைக் கழுவிவிடுவது எல்லாம் அவள் வேலை.

கொஞ்ச நாளில், கால் துடைக்கிற துண்டில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை கண்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. சாயம் போகிறது. செம்பாவது மண்ணாவது, ஏதோ கலர்ப் பொடியைக் கலந்து அடித்திருக்கிறார்கள். மனைவி வேறு துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். அடுத்த வாரம் காலின் நுனியில் தோல் சிவந்து நீர் கோத்தது. தொட்டால் வலிக்கக்கூட இல்லை. வலியில்லாத புண்தான் காலை வாங்கும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

துண்டை சாட்சிக்குச் சுருட்டிக்கொண்டு மனைவியோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டுவதற்கு ஒத்திகை பார்த்தேன். போனதும் துண்டை மேஜைமேல் விரித்தேன். "கிருமி வளராதுன்னு சொன்னியே, இது என்னம்மா?"

அவள் கிண்ணத்தைக் கழற்றி, போனில் லைட் அடித்து உள்ளே பார்த்தாள். அடியில் நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சார், சந்தன வாசன வருது."

"எந்தச் சந்தனம்?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்க சந்தனமும் குங்குமமும் வச்சேன்" என்றாள். "புதுசா வண்டி வாங்குனா பொட்டு வைக்கிறோம், கடைத் தராசுக்கு வைக்கிறோம். உங்களையே தூக்கிட்டு நடக்குறதுக்கு வைக்க வேணாமா? வெளிய வச்சா அழிஞ்சிடும்னு உள்ள வச்சேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வைப்பேன். வச்ச பொட்டத் தொடைக்க மனசு வரலங்க, அத வுட்டுட்டு சுத்திதான் தொடைப்பேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. "அம்மா, செம்பு தோல்ல நேரா பட்டாத்தான் கிருமி சாகும். நடுவுல சந்தனம் ஏடு கட்டிட்டா அதுக்கு மேல கிருமி வளரும், காஞ்சதும் உரசும்" என்று மெதுவாகச் சொன்னாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேஜைமேல் விரித்த துண்டை நான் மறுபடி சுருட்டினேன்.

புண் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்டக் கூடாது என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆறிவிட்டது. மறுபடி அதே கிண்ணத்தைத்தான் மாட்டுகிறேன், இதுவரை புண் வரவில்லை. செம்பாலா, துடைப்பதாலா, மாத்திரையாலா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, டிரில், ஷட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு மனைவி தட்டோடு என்னிடம் வந்தாள்.

"கிண்ணத்துகிட்ட போன, தெரியும் சேதி" என்றேன்.

"அதுக்குக் காவலா செம்பு இருக்கே" என்றாள். கீழே உட்கார்ந்து, என் வேட்டியை ஒதுக்கி, முட்டியில் சந்தனம் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். "இதுக்கு யாரு இருக்கா?"

சில்லென்று இருந்தது. சந்தனம் அசல்தானா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.