கேக்குக்கு முன்னால் தோடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். கச்சேரி தொடங்கும் முன் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தலைகளை எண்ணுவார். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். எண்ணிக்கை போதவில்லையென்றால் மேடையில் இருப்பவர்களையும் சேர்த்து மறுபடி எண்ணுவார். நாற்காலி போட்டுத் தரை பெருக்குகிற என்னையும் சேர்த்துக்கொண்ட நாட்கள் உண்டு.

பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சங்கீத சபைக்கு அவர்தான் செயலாளர். வாரமெல்லாம் ஊருக்குக் கண்ணாடி மாட்டுவார். சனிக்கிழமை மாலை காதைத் திறக்கப் பார்ப்பார். ஊர் பதினோரு பேருக்கு மேல் வராது. அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள்.

ஒருநாள் கட்டடத்துக்காரர் படியேறி வந்தார். "வருசக் கடைசிக்குள்ள நாப்பது பேராவது வரணும் சார். இல்லேன்னா மாடியை உடற்பயிற்சி வகுப்புக்கு விட்டுடுவேன். அவங்க குதிச்சாலும் கூட்டமா குதிக்கிறாங்க."

செயலாளருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் யோசனை பிறந்தது.

"கண்ணு பாக்கும்போது முதல்ல பெரிய எழுத்தைத்தானே காட்டறோம்? அதே மாதிரி முதல்ல சினிமாப் பாட்டு. அப்புறம் சின்ன எழுத்து. கடைசி வரிக்குத் தோடி ராகம்."

"கடைசி வரியைப் படிக்க முடியாமத்தான் எல்லாரும் உங்க கடைக்கே வர்றாங்க" என்றார் அவர் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் மாடியில் இலவசமாகக் கொண்டாடலாம் என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினார். நிபந்தனை ஒன்றுதான். கேக் மேடையில் இருக்கும். இரண்டு சினிமாப் பாட்டு, பிறகு இருபது நிமிடம் தோடி. அது முடிந்த பிறகே கேக் வெட்டலாம். அதுவரை கத்தி அவர் சட்டைப் பையில்.

முதல் பிறந்தநாளில் தோடி முடியும்வரை ஒரு குழந்தை அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா? சங்கீதம் ரத்தத்துலயே இருக்கு!" என்றார் என்னிடம்.

புழுக்கத்தில் கேக்கின் கிரீம் பூ மெல்ல வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது ஜோடிக் கண்களும் அதன் மேல்தான் இருந்தன.  

வாரம் தவறாமல் யாரோ ஒரு பிள்ளை பிறந்துவைத்திருந்தது. தாய்மார்கள் தோடியை அருகே அமர்ந்து பொறுத்துக்கொண்டார்கள். வருடக் கடைசியில் வெளியூர்ப் பெரிய பாடகரை அழைத்தார் செயலாளர். கட்டடத்துக்காரருக்கு முன்வரிசை.

"கேக் ஏதாவது சொல்லி வைக்கட்டுமா?" என்று மனைவி கேட்டார்.

"இன்னிக்குப் பிறந்தநாள் இல்ல. வர்றவங்க பாட்டுக்காக வர்றாங்க."

அன்று அறுபத்தெட்டுத் தலைகள். மூன்று முறை எண்ணினார். எண்ணிக்கை குறையவே இல்லை.

பாடகர் கண்ணை மூடித் தோடியில் ஒரு இழுப்பு இழுத்ததுதான் தாமதம், பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடி மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். தாய்மார்கள் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். ஒரு பஸ் டிரைவர் தம் இடத்திலிருந்தே சத்தம் போட்டார்: "பாட்டு ஆரம்பிச்சாச்சே, கேக் எங்கங்க?"

பாடகர் கண்ணைத் திறந்தார். எதிரே ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

"என்ன கண்ணு வேணும்?"

"நீங்க முடிச்சாத்தான் கேக் தருவாங்க. சீக்கிரம் முடிங்க தாத்தா."

செயலாளர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.  மாடி போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியவர் அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "என்னய்யா இது! முதல் பிடியிலேயே ராகத்தைக் கண்டுபிடிச்சிடுச்சுங்க. என் சிஷ்யனுக்கே அரை நிமிஷம் ஆகும். கேக்கை வரவழைய்யா, நான் பாடிக்கிட்டிருக்கேன்."

கேக் வாங்க மனைவி ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தார். கேக் வந்ததும் கட்டடத்துக்காரர் இரண்டு துண்டு தின்றார். "இவங்களும் நல்லாத்தான் குதிக்கிறாங்க" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாடி இன்னும் சபையிடம்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் தோடிக்குக் கேக் ராகம் என்று பெயர். செயலாளர் இப்போதும் தலைகளை எண்ணுகிறார். என்னைச் சேர்ப்பதில்லை.