என் கணவர் வயதாகப் பழகிய நாள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். மெல்பேர்னில் இருக்கும் மகள் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "இங்க வாங்கோ, இல்லாட்டிக் கல்கிசையில லிப்ட் இருக்கிற வீடாப் பாருங்கோ" என்பாள். எங்களுக்கு இரண்டிலும் விருப்பமில்லை. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம் வரவேண்டும். கீழே இறங்கினால் கோயிலும் மீன்கடையும் மருந்துக்கடையும் நடக்கிற தூரத்தில் இருக்கவேண்டும். கடைசிவரை இந்த வீடுதான் என்று முடிவெடுத்தோம்.

நானென்றால் அதோடு நிறுத்தியிருப்பேன். என் கணவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் சேதங்களை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நசுங்கிய கார்களையும் எரிந்த களஞ்சியங்களையும் பார்த்துப் பார்த்து, எந்த விபத்தையும் அது நடக்குமுன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

"எண்பது வயசில இந்த வீடு எங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு இப்பவே பாக்கவேணும்," என்றார் ஒரு சனிக்கிழமை காலை.

"எண்பது வரேக்க தெரியும்தானே?"

"அப்ப தெரிஞ்சு என்ன செய்யிறது? அப்ப விழுந்து கிடப்பம்."

முழங்கால் மடங்காதபடி பழைய துவாய்களைச் சுற்றிக் கட்டினார். காதுகளில் பஞ்சு அடைத்தார். கண்புரைக்குப் பதிலாக மூக்குக்கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் பூசினார். உடம்பின் பாரம் தெரியவேண்டுமென்று காற்சட்டைப் பைகளில் பருப்புப் பைக்கற்றுகளைத் திணித்தார். குளியலறை வாசலில் தடுக்கியதும், "பாத்தீரா!" என்று வென்றவர்போலக் கத்தினார். பிறகு படியிறங்கப் புறப்பட்டார்.

"துவாயைக் கழட்டிப்போட்டுப் போங்கோப்பா!"

பஞ்சு வைத்த காது. கேட்கவில்லை.

சுவரைப் பிடித்து, விறைத்த காலை இழுத்து இழுத்து அவர் இறங்குவதை முதலாம் மாடி அம்மா கண்டுவிட்டார். உதவி என்று தொடங்கினால் பாதியில் விடாத மனுசி. பதறிப்போய் அவருடைய தோளைத் தொட்டிருக்கிறார். இவரோ, பின்னால் நிற்பது நான்தான் என்று நினைத்து, "வலக்கால் வேலை செய்யேல்ல. கண்ணும் தெரியேல்ல. எல்லாம் நான் எதிர்பார்த்த மாதிரியே," என்றாராம்.

அவ்வளவுதான். அந்த அம்மா ஒழுங்கைக்கே கேட்கும்படி கத்த, ஆட்டோக்காரர் ஓடிவர, இருவருமாக இவரைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு நான் இறங்கி ஓடியபோது ஆட்டோவின் பின்பக்கம்தான் தெரிந்தது. இன்னொன்றைப் பிடித்துப் பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில் என்ன நடந்ததென்று கேட்டிருக்கிறார். இவர் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "மம வயசக வென்ன ப்ரெக்டிஸ் கரனவா" என்று பதில் சொல்லியிருக்கிறார். வயதாகப் பழகுகிறேன் என்று. பாரிசவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்க, டொக்டர் அவரைச் சிரித்துக் காட்டச் சொன்னார். என் கணவருக்குச் சிரிப்பு கலியாணப் படத்தில்கூட ஒரு பக்கத்தால்தான் வந்திருக்கிறது. நான் மூச்சிரைக்க உள்ளே போனபோது நேர்ஸ் அவருடைய பைகளிலிருந்து பருப்புப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ஒண்டுமில்ல டொக்டர். நாங்கள் வயசான காலத்தில வீட்டிலேயே இருக்கிறதுக்கு ஆயத்தம் செய்யிறம்," என்று ஆங்கிலமும் சிங்களமுமாக விளக்கினேன். டொக்டர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "அன்ரி, கொஞ்சம் இருங்கோ," என்று சைகை காட்டி, என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினார். பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு நேர்ஸைக் கூப்பிட்டார்.

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை மறித்துவிட்டார்கள்.

துவாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி அவர் என் கட்டிலடியில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "உமக்கு வருத்தம் வரும் எண்டு நான் யோசிக்கவே இல்லையே," என்றார்.

அன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசி.

"தேயிலை எங்க இருக்கு?"

"பிஸ்கட் பேணிக்குள்ள."

"அப்ப பிஸ்கட்?"

"அது முடிஞ்சு கனநாள்."

"இந்த காஸை எந்தப் பக்கம் திருப்புறது?"

என் பிரஷர் இறங்க மறுத்ததால் நேர்ஸ் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டார்.

மறுநாள் பிரஷர் குளிசைகளோடு வீடு வந்தேன். சுகம் விசாரிக்க ஆட்கள் தோடம்பழமும் பால்மா ரின்னும் கொண்டு வந்தார்கள், எல்லாம் அவருக்கு. பாரிசவாதத்தை மனத்தைரியத்தால் வென்றவர் என்று முதலாம் மாடி அம்மா ஹெந்தளையில் இருக்கும் தன் தம்பிவரை அறிவித்திருந்தார். இவர் துவாய்க் கதையைச் சொல்லச் சொல்ல, "பாவம், இன்னும் தடுமாற்றம் இருக்கு," என்று என் காதில் சொன்னார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற நான் எழும்பியபோது, "நீர் இரும்," என்று அவரே சமையலறைக்குப் போனார். வெகுநேரமாகியும் வரவில்லை. வந்தபோது ஆளுக்கொரு சூடான உப்புத் தேத்தண்ணி கிடைத்தது. அதையும் வருத்தத்தின் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அடுத்த கிழமை குளியலறைக்குக் கைபிடி பூட்ட மேசன் பாஸ் வந்தார். எந்த உயரத்தில் என்று கேட்டார். என் கணவர் என்னைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கவைத்து, என் கை இலகுவாக எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு தானும் நின்று பார்த்தார். அவருக்குக் குனியவேண்டியிருந்தது.

"பரவாயில்ல, அங்கயே பூட்டுங்கோ," என்றார் மேசனிடம். "எண்பதில நானும் குனிஞ்சுதான் நிப்பன்."