கார் அடியில் சிவப்பு ஈரம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். லேக் மார்க்கெட்டில் மாவுக்கடை போட்டேன், மூன்று வேன் ஓட்டினேன், வீடு கட்டினேன், மகனை இன்ஜினியராக்கினேன். எல்லாம் தனி ஆளாக. இப்போது குனிந்தால் நிமிர உடம்பு ஒத்துழைப்பதில்லை.

வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் படைக்கும் விஸ்வகர்மா பூஜையன்று மகனின் ஆட்டோமேட்டிக் காருக்கு மாலை போட்டு, ஆரத்தி சுற்றி முன்னால் கொட்டினார்கள். மறுநாள் காலை குடும்பத்தோடு திகா கடற்கரைக்குப் பயணம். கிளம்பும் முன் நான்கு டயரிலும் குனிந்து காற்றுப் பார்த்தேன். காருக்கு அடியில் சிவப்பாக ஈரம்.

"நேத்து கொட்டின ஆரத்திப்பா. எழுந்திரிங்க, லேட்டாகுது" என்றான் மகன்.

"ராத்திரி முழுக்கக் காயாத ஆரத்தியாடா? காலேஜுல மோந்து பாக்கச் சொல்லித் தரலையா?"

தரையில் படுத்து, விரலால் தொட்டு மோந்தேன். கியர் ஆயில்; ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது சிவப்புதான்.

மெக்கானிக் வந்து பார்த்தார். கியர் பெட்டியின் சீல் போய், பாதி ஆயில் இறங்கியிருந்தது. அப்படியே கிளம்பியிருந்தால் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோயிருக்கும் என்றார்.

விஸ்வகர்மா காப்பாற்றினார் என்று மருமகள் அக்கம்பக்கமெல்லாம் சொல்கிறாள். மகனும் தலையாட்டுகிறான். சாமியோடு போட்டி போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் படுத்து மோந்தது நான்தான். சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.