அழுக்குப்படாத வெள்ளை பேண்ட்

விளையாட விடாத ஆட்டத்துக்கு ஒரு பெண் மூன்று வருஷம் நாள் தவறாமல் ஏன் போகிறாள்? பென்னலூர் கோதண்டத்தின் மகள் மஹாலட்சுமியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. சிலர் வாய்விட்டே கேட்டார்கள். பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

வடக்குப்பட்டு மைதானத்தில் பயிற்சி எடுத்த பெண்கள் சாஃப்ட்பால் அணியில் பதினாறு பேர். களத்தில் இறங்குவது ஒன்பது பேர். எட்டாவது முடித்துச் சேர்ந்தபோது மஹா பதினாறாவது ஆள். பத்தாவது முடித்தபோது பத்தாவது ஆள் என்று வேண்டுமானால் சொல்லலாம். நன்றாக ஓடுவாள். ஆனால் பந்து உயரத்திலிருந்து இறங்கும்போது ஒரு கணம் யோசிப்பாள். ஷெர்லின் யோசிக்க மாட்டாள். ரைட் ஃபீல்டில் நிற்க ஒருத்திக்குத்தான் இடம். அது ஷெர்லினுக்குப் போனது, நியாயமாகவே போனது.

பெஞ்சில் உட்காருவதிலும் வேலை உண்டு. பேட் மூட்டையைத் தூக்க வேண்டும், தண்ணீர் கேன் நிரப்ப வேண்டும், வேலிகாத்தான் புதருக்குள் போன பந்தை முள் கிழிக்கத் தேடி எடுக்க வேண்டும், ஆடுகிறவர்களுக்காகத் தொண்டை வறளக் கத்த வேண்டும். மஹா எல்லாம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வந்தால் அவளுடைய வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு போன மாதிரியே இருக்கும்.

"இன்னாடி இது, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி கீது? இத நான் தொவைக்கணுமா, மடிச்சு வெச்சிடட்டா?" என்பாள் அம்மா சரோஜா. விளையாட்டாகத்தான் சொல்வாள். மஹாவும் சிரிப்பாள்.

பிறகு சில வாரங்கள் பேண்ட் அழுக்காக வர ஆரம்பித்தது. முட்டியில் செம்மண், பின்பக்கம் செம்மண். "பரவால்லியே, ஆட விட்டாங்களா?" என்று சரோஜா கேட்டபோது மஹா "ம்" என்றாள்.

ஒரு ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. வேலை முடிந்து வண்டியில் வந்த கோதண்டம், தெருமுனைக் குழாயடியில் மகள் குனிந்து நிற்பதைப் பார்த்தார். கை நிறைய மண்ணை எடுத்து, ஈரமாக்கி, முட்டியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முட்டி முடிந்ததும் அடுத்த முட்டி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு கை மண் எடுத்தாள். கோதண்டம் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய், ஒரு டீ குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அந்தக் கை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

கோதண்டம் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். வெள்ளிதோறும் அடுத்த வாரத்து ஷிஃப்ட் சார்ட்டை எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அவர் வேலை. அந்த லைனில் சாம்சன் என்று ஓர் ஆபரேட்டர். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். வடக்குப்பட்டுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது அவர்தான். மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும் என்றால் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தான் சரிப்படும். மற்றவர்களுக்கு ஷிஃப்ட் வாராவாரம் மாறினாலும் சாம்சனுக்கு மாறாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு அது. மஹா அணியில் சேர்வதற்கு முன்பே கோதண்டம் செய்து கொடுத்தது. அதற்காக அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சார்ட்டில் சாம்சன் பெயர் செகண்ட் ஷிஃப்டில் இருந்தது. அந்த வாரம் இரண்டு பேர் லீவு. ஆள் பற்றாக்குறை உண்மை. காரணம் பொய்யில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று கோதண்டத்தால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சாம்சன் லைன் ஓரமாக வந்து நின்றார். "சார், செகண்ட் ஷிஃப்ட் போட்டுகீறீங்க."

"ஆள் இல்ல சாம்சன். பாத்தல்ல, ரெண்டு பேரு லீவு."

"போன தபா மூணு பேரு லீவு சார்."

கோதண்டம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். சாம்சன், "பாப்பா இப்ப நல்லாத்தான் ஆடுது சார்," என்றார்.

"நான் அதப் பத்திப் பேசலியே."

"இல்ல சார். நானும் சும்மா சொன்னேன்."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு வாரம் மைதானத்தில் பயிற்சி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாம்சன் பெயர் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் ரைட் ஃபீல்டுக்கு ஓடியது மஹா. தண்ணீர் கேன் ஷெர்லின் கையில் இருந்தது.

கோதண்டம் வேப்பமர நிழலில் நின்று பார்த்தார். மகள் மோசமாக ஆடியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒரு பந்தை விட்டாள், இரண்டைப் பிடித்தாள். நான்காவது இன்னிங்ஸில் பேட்டைச் சுழற்றிப் பந்தைத் தூரத்துக்கு அனுப்பினாள். "ஓடுடீ மஹா! நிக்காத, ஓடு!" என்று பெஞ்சிலிருந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது ஷெர்லின். மஹா சறுக்கி விழுந்து பேஸைத் தொட்டாள். முட்டியெல்லாம் செம்மண். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கோதண்டம் தட்டலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது.

கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் சாம்சன் ஷெர்லினை இறக்கினார். அவள் ஒரே ஒரு பந்தைப் பிடித்தாள், யோசிக்காமல்.

வீட்டுக்கு வரும்போது மஹா வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள், அது அபூர்வம். பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் கண்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு நின்றபோது கேட்டாள்.

"சாருக்குப் போன வாரம் ஏம்ப்பா செகண்ட் ஷிஃப்ட்?"

"ஆள் இல்லம்மா."

"சாரும் அதான் சொன்னாரு."

லாரி போன பிறகு வண்டி கிளம்பியது. தோளில் இருந்த கை இல்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வயல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாம்சன் வந்து சொன்னார். "பாப்பா பேரு மாவட்ட லிஸ்ட்ல வந்துகீது சார். ஃபாரம் கைல குடுத்துட்டேன். அப்பா கையெழுத்து போட்டுச் சனிக்கிழமைக்குள்ள தரணும்."

"தரலன்னா?"

"அடுத்த பேரு போயிடும். ஷெர்லின். கடைசி இன்னிங்ஸ் பாத்து அவ பேரயும் எழுதிகீறாங்க."

தேர்வு செய்தவர்களுக்கு ஷிஃப்ட் சார்ட் பற்றி எதுவும் தெரியாது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். அப்படியானால் இது மஹா சம்பாதித்ததுதானே? கோதண்டம் இதை வழியெல்லாம் தனக்குள் வாதாடிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் அவரே ஜெயித்தார். ஜெயித்ததில் ஒரு சுகமும் இல்லை.

அன்று முதல் சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எதிரே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள், எழுந்து போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அவர் சார்ட்டை எழுதிப் போட்டார். சாம்சன் பெயர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில்.

சனிக்கிழமை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தபோது மஹா கிணற்றுக்கல்லில் பேண்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மண் இன்னும் போகவில்லை.

"வுடுடி, நான் சோடா உப்புல ஊற வெக்கிறேன்," என்று சரோஜா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இந்தத் தபா நெஜமாவே பெரண்டுகீற போல."

மஹாவின் கை நின்றது. கோதண்டம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். முன்பு வந்த மண் பூசியது என்று சரோஜாவுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அது தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துத்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்திருந்தார்.

"மஹா," என்றார். "கையெழுத்து ஏதாச்சும் போடணுமாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை.

"இல்லப்பா."

"ஏதோ ஃபாரம்னு சாம்சன்..."

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். பேண்ட்டை முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். இரண்டு முட்டியிலும் மங்கலாகச் சிவப்பு நின்றது.

ஏன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டால் அவரும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும். மாவட்ட அணிக்கு ஷெர்லின் போனாள். சரோஜாவுக்குச் செய்தி தெருவில் கிடைத்தது; வீட்டில் யாரிடமும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை மூன்றரைக்கு மஹா ஷூ கட்டினாள். வாசலில் நின்ற கோதண்டத்தைத் தாண்டி, காலித் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.